பொலிஸ் துரத்தும் கார் கேம்: மலையகத்திலிருந்து ப்ரௌசரில் விளையாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முடிவே இல்லாத பொலிஸ் துரத்தல் கேம்களின் விதி சின்னது. கார் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்புவது மட்டும்தான் உங்கள் வேலை. நேரம் போகப் போகத் துரத்தும் பொலிஸ் வாகனங்கள் கூடும். எவ்வளவு நேரம் பிடிபடாமல் ஓடினீர்களோ அதுவே புள்ளி. வழியில் கிடக்கும் காசைப் பொறுக்கிப் புதுக் கார் வாங்கலாம். தோற்கும் ஒவ்வொரு முறையும் பிழை கையிலா, மெஷினிலா, இன்டர்நெட் லைனிலா என்று பிரித்துப் பாருங்கள். எங்கே திருத்துவது என்பது அதில்தான் தெரியும்.

இதை விளையாட எப்படிப்பட்ட கம்பியூட்டர் வேண்டும்?

4 ஜிபி ரெம் உள்ள சாதாரண லெப்டொப் போதும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ப்ரௌசர் புதிதாக இருக்க வேண்டும், அதில் வெப்ஜிஎல் வேலை செய்ய வேண்டும். வெப்ஜிஎல் என்பது ப்ரௌசருக்குள்ளேயே முப்பரிமாணப் படம் வரைய உதவும் முறை. முதற் பதிப்பு 2011இலும் இரண்டாவது 2017இலும் வந்தன. இன்றைய கேம்கள் பல இரண்டாவதைக் கேட்கின்றன.

குரோமில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் எக்ஸலரேஷன் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அணைந்திருந்தால் படம் வரையும் வேலை முழுவதும் புரொசெசர் தலையில் விழும், செக்கனுக்குப் பத்துப் படம்கூட வராது. பழைய லெப்டொப்பைக் கைமாற்றி வாங்கியவர்கள் பலருக்கு இந்த ஒரு சுவிட்ச்தான் பிரச்சினை. மாற்றிய பிறகு ப்ரௌசரை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

லோட் ஆகும் கோடு 90 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. லைன் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. இவ்வகைக் கேம்கள் பல யூனிட்டி என்ற மென்பொருளில் செய்யப்படுபவை. அவற்றில் அந்தக் கோட்டின் முதல் 90 சதவீதம் கோப்புகள் இறங்குவதைக் காட்டும். மிச்சம் 10 சதவீதத்தில் இறங்கியதை விரித்து, மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, மெமரியில் ஏற்றும் வேலை நடக்கும். பழைய மெஷினில் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் போகலாம். அந்த நேரத்தில் பக்கம் செத்துப்போனது போலத் தெரியும். பொறுமை இழந்து ரீலோட் செய்தால் எல்லாம் முதலிலிருந்து.

உண்மையிலேயே சிக்கிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். கேம் ஓடும் டேபின் வரியில் சிபியு எண் உயர்ந்து, நெட்வேர்க் பூச்சியமாக இருந்தால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். இரண்டும் பூச்சியமாகவே இருந்தால் இறங்கிய கோப்பு பழுதாகியிருக்கலாம். அப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். அத்தனை டேட்டாவும் மறுபடி போகும் என்பதால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு டேட்டா போகும்?

கேமைப் பொறுத்தது. கட்டம் கட்டமான எளிய படங்கள் உள்ளவை 5 முதல் 10 எம்பி, யூனிட்டியில் செய்தவை பொதுவாக 15 முதல் 50 எம்பி வரை. இது முதல் தடவை மட்டும். அடுத்த தடவை பெரும்பகுதி ப்ரௌசரின் சேமிப்பிலிருந்தே வரும். லோட் ஆன பிறகு ஓட்டுவதற்கு டேட்டா ஏறக்குறைய போவதே இல்லை.

டேட்டாவை விழுங்குவது விளம்பரம். தோற்றவுடன் 'வீடியோ பார்த்தால் இன்னொரு உயிர்' என்று பொத்தான் வரும். அரை நிமிட வீடியோ ஒன்றே பல எம்பி எடுக்கும். ஒரு மாலையில் பத்து வீடியோ பார்த்தால் கேமை இறக்கிய டேட்டாவை அது தாண்டிவிடும். ரீலோட் கார்ட் போட்டு டேட்டா வாங்குபவர்கள் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். இன்னொரு உயிர் வாங்கி ஓடும் ஓட்டம் கைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் சரியில்லை. மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம். என்ன செய்வது?

மூடுபனியின் மேல் பழி போடாதீர்கள். 4ஜி பாவிக்கும் அலைவரிசைகளைப் பனி கிட்டத்தட்ட தடுப்பதே இல்லை. தடுப்பது மலைமுகடு. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேடு நின்றால், பள்ளத்தில் இருக்கும் லய வரிசை வீடுகளுக்குச் சிக்னல் வளைந்து வந்து சேரும்போது மெலிந்துவிடும். நனைந்த யூகலிப்டஸ் தோப்பும் கொஞ்சம் குறைக்கும். கடும் மழையில் ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் இடையிலான மைக்ரோவேவ் தொடுப்பு தளரலாம், அல்லது கோபுரத்துக்குக் கரன்ட் போகலாம். பனியும் மழையும் சேர்ந்து வருவதால்தான் பனியே காரணம் என்று தோன்றுகிறது.

வீட்டுக்குள் பெரிய எதிரி தகரக் கூரை. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். போனைக் கூரைக்குக் கீழே நடுவில் வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலிலோ வாசற்படியிலோ வையுங்கள். லெப்டொப்புக்கு ஹொட்ஸ்பொட் கொடுப்பதைவிட யூஎஸ்பி வயர் போட்டு இணைப்பது நிதானமாக இருக்கும்.

அடுத்தது லோட் செய்யும் நேரம். சிக்னல் நல்ல இடத்தில், ஆட்கள் குறைவாகப் பாவிக்கும் அதிகாலையில் அல்லது பகலில் கேமைத் திறந்து முழுதாக லோட் ஆக விடுங்கள். பிறகு டேபை மூடாமல் வீட்டுக்கு வந்து விளையாடலாம். பல கேம்கள் அதற்குமேல் நெட் கேட்பதில்லை. குரோமின் மெமரி சேவர் மட்டும் கவனம்: பாவிக்காத டேபை அது மெமரியிலிருந்து இறக்கிவிடும், திரும்பி வந்தால் ரீலோட் ஆகும். செட்டிங்ஸில் பேர்ஃபோமன்ஸ் பகுதியில் அந்த முகவரியை எப்போதும் வைத்திருக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அம்புக்குறியை அழுத்தினால் கார் திரும்பாமல் பக்கம் மேலும் கீழும் போகிறது.

கேம் சட்டத்துக்குள் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். அதுவரை விசை அழுத்தங்கள் கேமுக்குப் போகாமல் பக்கத்துக்குத்தான் போகும். விளம்பரத்தை மூடிய பிறகும் இதே கதை, மறுபடி கிளிக் வேண்டும். எஃப்11 அழுத்தி முழுத்திரையில் விளையாடினால் தொல்லை குறையும்.

மூன்று விசை சேர்த்து அழுத்தினால் ஒன்று வேலை செய்வதில்லை. கீபோர்ட் பழுதா?

பழுது இல்லை. மலிவான கீபோர்ட்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி வயர் கிடையாது, வரிசையும் நிரலுமாகப் பின்னிய வலை ஒன்றுதான் இருக்கும். அந்த வலையில் சில மூன்று விசைச் சேர்க்கைகளைப் பிரித்தறிய முடியாது, ஆகவே மூன்றாவதைக் கீபோர்ட் விட்டுவிடும். திருப்புவதோடு வேறு விசையும் கேட்கும் கேம்களில் மேல் அம்பு, இட அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும். ஏ, டி எழுத்துகளால் திருப்பிப் பாருங்கள். கேம் அதை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

30 செக்கனைத் தாண்ட முடியவில்லை. எப்படி ஓட்டுவது?

வேகமாகத் தப்பி ஓடப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. நேராக ஓடித் தப்ப முடியாது. துரத்தும் வாகனம் உங்களை விடக் கொஞ்சம் வேகமாகவே வைக்கப்பட்டிருக்கும். அதன் பலவீனம் திருப்பம். வேகம் கூடிய வாகனத்துக்குத் திரும்ப அகலமான வளைவு வேண்டும். நீங்கள் சட்டென்று திரும்பினால் அது உங்களைத் தாண்டிப் போய், சுற்றிக்கொண்டுதான் திரும்பி வரும்.

ஆகவே பொலிஸ் நெருங்கும்வரை நேராகப் போங்கள். ஒரு கார் நீளம், ஒன்றரைக் கார் நீளம் இருக்கும்போது திரும்புங்கள். முன்னதாகத் திரும்பினால் அதுவும் உங்களோடு சேர்ந்து திரும்பிவிடும். இந்தப் 'பிந்தித் திரும்புதல்' கைக்கு வந்தாலே ஒரு நிமிடம் தாண்டலாம். அதற்கு மட்டும் இருபது முப்பது ஓட்டங்களை ஒதுக்குங்கள், காசு பொறுக்கவே வேண்டாம்.

அடுத்த படி, அவர்களையே ஒருவரோடு ஒருவர் மோத வைப்பது. எளிய கேம்களில் ஒவ்வொரு பொலிஸ் வாகனமும் நீங்கள் இந்தக் கணத்தில் நிற்கும் இடத்தை நோக்கித்தான் வரும், பக்கத்தில் வரும் கூட்டாளியைப் பார்க்காது. எதிரெதிர்த் திசையிலிருந்து இரண்டு வந்தால் இரண்டுக்கும் நடுவில் போய், கடைசி நேரத்தில் குறுக்கே திரும்புங்கள். இரண்டும் நேருக்கு நேர் அடித்துக்கொள்ளும். எட்டு வடிவத்தில் ஓடினால் இப்படிப்பட்ட சந்திப்புகள் தாமாக அமையும். ஒரே வட்டத்தில் சுற்றுவது தொடக்கத்தில் பலன் தரும். ஆனால் நான்கு ஐந்து வாகனங்கள் சேர்ந்தபின் ஒன்று வட்டத்தின் உள்ளே வெட்டிக்கொண்டு வந்துவிடும்.

மரம், கம்பம், கட்டட மூலை எல்லாம் உங்கள் கூட்டாளிகள். அவற்றை ஒட்டி வளைந்து போங்கள், பின்னால் வருவது அகலமாக வளைந்து அதிலேயே மோதும்.

உயிர்க் கோடு (கார் இன்னும் எவ்வளவு இடி தாங்கும் என்று காட்டும் கோடு) உள்ள கேம்களில் எந்த இடியை வாங்குவது என்பதும் கணக்கு. சேதம் பெரும்பாலும் இரு வாகனங்களின் வேக வித்தியாசத்தைப் பொறுத்தது. நீங்கள் 80இல் போக, பின்னால் 100இல் வந்து இடித்தால் வித்தியாசம் 20. அதே வாகனம் எதிரே வந்தால் 180. தப்பவே முடியாத நேரத்தில் முதுகைக் காட்டுங்கள்.

விசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். தொடர்ந்து பிடித்தால் கார் சறுக்கி வேகத்தை இழக்கும். வேகம் குறைந்து பொலிஸ் சூழ்ந்து சில செக்கன் நின்றாலே 'பிடிபட்டீர்கள்' என்று முடித்துவிடும் கேம்களும் உண்டு. தட்டித் தட்டித் திருப்புங்கள். கண்ணைக் காரில் வைக்காமல் கார் போகப்போகும் இடத்தில் வையுங்கள். காசு உங்கள் வளைவில் விழுந்தால் எடுங்கள். தவறவிட்ட காசுக்காகத் திரும்பிப் போன இடத்தில்தான் நல்ல ஓட்டங்கள் முடிகின்றன.

தூரத்தில் விட்டுவிட்டு வந்த பொலிஸ் உடனே பின்னால் நிற்கிறது. கேம் ஏமாற்றுகிறதா?

கேம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தூரம் கூடினால் துரத்துபவரின் வேகத்தைக் கூட்டி, நெருங்கினால் குறைக்கும் முறை ஓட்டக் கேம்களில் பழையது. இன்னொன்று, மிகத் தொலைவில் போன வாகனத்தை அழித்துவிட்டுத் திரையின் விளிம்புக்குச் சற்று வெளியே புதிதாக ஒன்றை வைப்பார்கள். இது தெரிந்தால் திட்டம் மாறும். தூரம் சேர்ப்பதால் லாபம் இல்லை. இரண்டு மூன்று வாகனங்களைப் பக்கத்திலேயே வைத்து அலைக்கழிப்பது, புதிது புதிதாக முன்னால் முளைக்க விடுவதை விடப் பத்திரம்.

எந்தக் காரை முதலில் வாங்குவது?

திருப்பம் நன்றாக உள்ளதை. உச்ச வேகம் கூடிய கார் பார்க்க அழகு, ஆனால் அதன் வளைவு அகலம். கனமான ஜீப்பும் லொறியும் இடியைத் தாங்கும், சிக்கினால் வெளியே வராது.

படம் வெட்டி வெட்டி வருகிறது. வேகத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

இது அழகுக் குறை மட்டும் இல்லை. செக்கனுக்கு 60 படம் வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 16.7 மில்லிசெக்கன். 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் அதற்குள் அரை மீற்றர்கூட நகராது. செக்கனுக்கு 20 படம்தான் வருகிறது என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 1.4 மீற்றர் தாவும். பிந்தித் திரும்பும் வித்தை முழுவதும் அந்த ஒரு மீற்றரில்தான் இருக்கிறது. கை எவ்வளவு பழகினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

மற்ற டேபுகளை மூடுங்கள், முதலில் வீடியோ ஓடும் டேபை. கேமின் செட்டிங்ஸில் நிழலை அணையுங்கள். பழைய மெஷினில் அதிகம் மிச்சப்படுத்துவது அதுதான். அதன்பின் தரத்தைக் குறையுங்கள். போதவில்லை என்றால் முழுத்திரையை விட்டு ஜன்னலைச் சிறிதாக்குங்கள். அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் நாலில் ஒன்றாகும்.

லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டே விளையாடுங்கள். பேட்டரியில் மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் குரோமின் எனர்ஜி சேவரும் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். குளிருக்காகப் போர்வை மேல் லெப்டொப்பை வைத்து விளையாடும் பழக்கம் நுவரெலியாப் பக்கம் நிறைய. போர்வை அடியிலுள்ள காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளே சூடேறிப் பத்து நிமிடத்தில் மெஷின் தளரும். ஒரு பலகையோ பெரிய புத்தகமோ கீழே வையுங்கள்.

கேம் முழுவதும் மெதுவாக, தண்ணீருக்குள் ஓடுவது போல வந்தால் அது வேறு. சில கேம்களில் காரின் அசைவு படங்களின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும். மெதுவான மெஷினில் கேமே மெதுவாகும், செக்கனுக்கு 120 படம் காட்டும் 120 ஹேர்ட்ஸ் திரையில், 60 படத் திரையைவிட இரு மடங்கு வேகமாகும். அப்படிப்பட்ட கேமில் இரண்டு பேரின் புள்ளிகளை ஒப்பிடுவது நியாயமாகாது.

நீண்ட நேரம் ஒரே திசையில் ஓடினால் கார் நடுங்குகிறது. ஏன்?

காரின் இடத்தைக் கேம் 32 பிட் தசம எண்ணில் வைத்திருக்கும். அந்த எண்ணில் சுமார் ஏழு இலக்கங்கள்தான் நம்பகமானவை. தொடங்கிய இடத்திலிருந்து 66 கிலோமீற்றர் தள்ளிப் போனால், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இடைவெளி விழும். இன்னும் போனால் கூடும். அந்தத் தாவல்தான் நடுக்கமாகத் தெரிகிறது. 100 கிலோமீற்றர் வேகத்தில் அங்கே போக 40 நிமிடம் பிடிக்கும் என்பதால் பலர் இதைக் காண்பதே இல்லை. கவனமாகச் செய்த கேம்கள் இடைக்கிடை உலகம் முழுவதையும் பின்னால் நகர்த்தி, காரை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். உங்கள் கேம் அப்படி இல்லை என்றால், சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே ஓடுங்கள்.

போனில் விளையாடும்போது தொடுவது பிடிபடுவதில்லை.

ஈரத்தைத் துடையுங்கள், விரலிலும் திரையிலும். திரை விரலின் மின்தன்மையை உணர்கிறது, தண்ணீர்த் துளியும் அதற்கு விரல் போலவே. வெளிக்குளிரிலிருந்து அடுப்படிக்குள் வந்தவுடன் கண்ணாடியில் படியும் நீராவியும் இதைச் செய்யும். விறைத்த விரல் தாமதமாகத்தான் நகரும், ஒரு பிளேன்டியைக் கையில் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். போனைக் கிடையாகப் பிடித்து, பெருவிரல்களைத் திரையின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே வையுங்கள். விளிம்பில் இழுத்தால் பல போன்களில் 'பின்னால் போ' என்று பொருள், கேம் மூடிவிடும். பேட்டரி சேமிப்பை அணையுங்கள். ஐபோனில் அது இருந்தால் சஃபாரி செக்கனுக்கு 30 படத்தோடு நிறுத்திவிடும்.

சத்தம் வரவில்லை.

ஒரு தடவை திரையைத் தொடும்வரை சத்தம் போடப் ப்ரௌசர்கள் விடுவதில்லை. குரோம் 2018இலிருந்து இப்படி. தொட்டும் வரவில்லை என்றால் டேபின் மேல் வலது கிளிக் செய்து, மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய கார்களும் புள்ளியும் அழிந்துவிட்டன. திரும்ப எடுக்கலாமா?

கணக்குத் திறந்து உள்நுழையாத கேம் என்றால் எடுக்க முடியாது. புள்ளி உங்கள் ப்ரௌசருக்குள்ளேயே, அந்த ஒரு இணைய முகவரிக்கென்று எழுதப்பட்டிருந்தது. குக்கீகளையும் தளத் தரவுகளையும் அழித்தால் அதுவும் போகும். இன்கொக்னிடோ ஜன்னலை மூடினாலும் போகும். அதே கேமை வேறு தளத்தில் திறந்தால் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கொமியூனிகேஷன் கடைக் கம்பியூட்டர்களில் ப்ரௌசரை மூடும்போதே எல்லாம் அழியும்படி வைத்திருப்பார்கள். அங்கே காரைச் சேர்க்க நினைக்க வேண்டாம், திருப்பத்தைப் பழகுங்கள்.

பழைய கேம் ஒன்று 'ஃப்ளாஷ் தேவை' என்கிறது. இறக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஃப்ளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31இல் நிறுத்தப்பட்டது, 2021 ஜனவரி 12 முதல் கேம்களை ஓட்டவும் மறுக்கிறது. இன்று 'ஃப்ளாஷ் அப்டேட்' என்று வருவதெல்லாம் வலை. ரஃபிள் என்ற மென்பொருளைச் சேர்த்திருக்கும் தளங்களில் பழைய ஃப்ளாஷ் கேம்கள் பல எதையும் இறக்காமலே ஓடும்.

இதே கவனம் மற்ற இடங்களுக்கும். ப்ரௌசர் கேமுக்கு 'டவுன்லோட்' தேவையே இல்லை. அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டால் 'பிளொக்' அழுத்துங்கள். அனுமதித்துவிட்டால் கேமை மூடிய பிறகும் போலி வைரஸ் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். போன் நம்பரோ வந்த ஓடிபியோ கேட்டால் உடனே மூடுங்கள். இல்லையென்றால் ரீலோட் காசு தினமும் வெட்டுப்படும் சந்தாவில் மாட்டலாம்.

பிள்ளை இதை விட்டு எழும்புவதில்லை. நேரக் கணக்கு வைத்தால் சண்டை வருகிறது.

கேமுக்கு முடிவு இல்லாததால் நேரக் கணக்கு எப்போதும் ஓர் ஓட்டத்தின் நடுவில்தான் வந்து முடியும். பிள்ளைக்கு அது அநியாயமாகவே தெரியும். நிமிடத்துக்குப் பதிலாக ஓட்டத்தை எண்ணுங்கள்: பத்து ஓட்டம், பிறகு மூடுவது. தோற்ற இடத்தில் நிற்பது பிள்ளைக்கும் எளிது. நன்றாக ஓட்டினால் அதிக நேரம் கிடைக்கும் என்பதால் கவனமாகவும் ஓட்டும்.

இதில் நன்றாக ஓட்டுபவர் நிஜ வீதியிலும் நன்றாக ஓட்டுவாரா?

இல்லை. பல கேம்களில் பிரேக்கே கிடையாது. ரம்பொடை வளைவுகளில் இறங்குபவர் குறைந்த கியரில் என்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பல கேம்களில் வாகனங்கள் வலப்பக்கம் போகும், இங்கே நாம் இடப்பக்கம். கேமில் உதவும் பிந்தித் திரும்புதல், எதிரே பஸ் வரும் கொண்டை ஊசி வளைவில் உயிரை வாங்கும்.

இடி மின்னல் நேரத்தில் விளையாடலாமா?

சார்ஜரையும் ரவுட்டரையும் ப்ளக்கிலிருந்து கழற்றிய பிறகு, பேட்டரியில் விளையாடலாம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, மின்னல் ஏற்றும் அழுத்தம் அந்தச் சிறு இடைவெளியைத் தாவிவிடும். ரவுட்டருக்குத் தொலைபேசிக் கம்பி வருகிறது என்றால் அதையும் கழற்றுங்கள், பல ரவுட்டர்கள் எரிவது அந்த வழியாகத்தான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மலையில் இடி கூடும். முதல் முழக்கம் கேட்கும்போதே எழும்பிக் கழற்றுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும்.